ஆய்வுகூட சிங்கில் ஊற்றுவது எங்கே போகிறது?

அன்பின் ஆசிரியருக்கு,

வன்னியில் உள்ள பல்கலைக்கழக வளாகங்கள் மாரிக்கு முன் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் இயங்குகின்றன. பம்பைமடுவில் 2021 ஓகஸ்ட் முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து நிற்கிறது. வெளி மாவட்டப் பிள்ளைகள் எங்கள் மண்ணுக்குப் படிக்க வருவதில் எனக்குப் பெரிய சந்தோசம். எந்த வளாகத்தையும் குற்றஞ்சாட்ட இதை எழுதவில்லை.

வளாகச் சுத்தம் என்றதும் லஞ்ச் சீற்றும் பிளாஸ்ரிக் போத்தலும்தான் பேச்சுக்கு வரும். அதுவும் வேண்டியதே. 2017 செப்ரெம்பர் முதல் லஞ்ச் சீற்றுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை உண்டு. குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதற்கும் தடைதான். கன்ரீனுக்குப் பின்னால் பொலித்தீன் புகை எழும்பினால் அது சட்டமீறல். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் குப்பையை யாராவது கூட்டி அள்ளிவிடுவார்கள். ஆய்வுகூட சிங்கில் ஊற்றியதை யார் அள்ளுவது?

மண்ணில் சேதனக் காபன் (உக்கிய தாவர, விலங்குப் பொருள்களில் உள்ள காபன்) எவ்வளவு என்று பார்க்கும் வழமையான முறையில் பொற்றாசியம் இருகுரோமேற்றும் செறிந்த சல்பூரிக் அமிலமும் சேர்க்கிறோம். பரிசோதனை முடிந்ததும் குரோமியம் திரவத்திலேயே இருக்கும். இருகுரோமேற்றில் இருக்கும் ஆறு வலுவளவுள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. கழிவுநீரின் இரசாயன ஒட்சிசன் தேவையை அளக்கும்போது குரோமியத்தோடு இரசமும் (பாதரசம்) வெள்ளியும் சேரும். தண்ணீர் எவ்வளவு மாசுபட்டிருக்கிறது என்று அறியச் செய்யும் பரிசோதனை அது! விவசாயமோ சுற்றாடலோ படிக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் செய்கிற பரிசோதனைகள் இவை.

நான் முன்பு வேலை செய்த ஓர் ஆய்வுகூடத்தில் இதைப் பற்றிக் கேட்டேன். “குழாயைத் திறந்து தண்ணியை நல்லா விடுங்கோ, எல்லாம் சரியாப் போயிடும்” என்றார்கள். சரியாகப் போகாது. தண்ணீர் விட்டால் செறிவு குறையும், உலோகத்தின் அளவு குறையாது. கழிவுக் குழியில் இறங்குவது மண்ணுக்குள் போகும். இங்கே எத்தனையோ வீடுகள் இன்றும் கிணற்றையும் குழாய்க்கிணற்றையும் நம்பியிருக்கின்றன. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் சிறுநீரக நோயால் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. அந்த நோய்க்கும் ஆய்வுகூடக் கழிவுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. ஏற்கெனவே குடிதண்ணீருக்குப் பயப்படும் சனத்துக்கு இன்னொரு பயம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் சனம் தங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்கப் பயந்து கழித்த காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

பெரிய செலவும் இதற்கு வேண்டாம். குரோமியக் கழிவைத் தனிக் கொள்கலனில் சேர்த்து, அமில நிலையில் பெரசுச் சல்பேற்றுப் போட்டுத் தாழ்த்தி (நச்சுக் குறைந்த மூன்று வலுவளவு நிலைக்கு மாற்றி), பிறகு காரம் சேர்த்தால் குரோமியம் வீழ்படிவாக அடியில் தங்கும். உலர்த்தி மூடி வைக்கலாம். இதையே மாணவருக்கு ஒரு செய்முறைப் பாடமாக வைக்கலாமே. இரசம் உள்ளதை இதோடு கலக்காமல் வேறாகச் சேர்க்க வேண்டும். சிறு குப்பிகளில் செய்யும் முறைக்கு மாறினால், இரசாயன ஒட்சிசன் தேவைப் பரிசோதனைக்கு 2 அல்லது 3 மில்லிலீற்றர் மாதிரியே போதும்; கழிவும் அந்தளவுக்குக் குறையும்.

அப்புறம் சட்டம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், பட்டியலிடப்பட்ட ஆபத்தான கழிவுகளை உண்டாக்கவும் சேமித்து வைக்கவும் கொண்டுசெல்லவும் அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. தொழிற்சாலைக்கு மட்டும் உரிய விதி என்று வளாகங்கள் இதை ஒதுக்கிவிடக் கூடாது.

ஆகவே வளாக நிர்வாகங்களிடம் என் வேண்டுகோள் இது: எந்த ஆய்வுகூடத்தில் என்ன கழிவு, எவ்வளவு சேர்ந்தது, யாரிடம் கொடுத்தோம் என்று ஒரு பதிவேடு வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை அதைப் பிரதேச சபைக்கும் சுற்றியுள்ள கிராம மக்களுக்கும் காட்டுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபை அதிகாரிகளும் முறைப்பாடு வரும்வரை காத்திராமல் ஐப்பசி மழை தொடங்க முன் ஒரு தடவை வந்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூட உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.