வரி எழுத வந்தார்கள்

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் மருமகளும் நலம்தானே? அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, அதை நினைத்துக் கவலைப்படாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு.

நேற்று ஆடிக்குக் கோயில் வரி எழுத வந்தார்கள். கல்யாணமானதிலிருந்து நீ தனித் தலைக்கட்டு. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு வரி. "பையன் பேரை எழுதிக்கலாமா?" என்று நோட்டை விரித்தார்கள். உன் சித்தப்பா வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

போன மாதம் போனில் அரைமணி நேரம் மெக்சிகோவைப் பற்றியே பேசினாயே, அதைத்தான் பட்டறையில் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஊர்ப் புனிதரின் திருவிழா விதைப்பிலோ அறுவடையிலோ வந்து விழுந்தால் அந்த ஊர் மற்ற ஊர்களைவிடப் பின்தங்கிவிடுகிறது, ஆனால் பக்தியும் ஒட்டுதலும் அங்கேதான் அதிகம் என்று மொண்டெரோ, யாங் என்ற இரண்டு பேர் 2022-இல் எழுதியதாகச் சொன்னாய். விதைக்கு வைத்த பணம் விருந்துக்குப் போகிறது. சரி. நமக்கும் ஆடிதான் விதைப்பு. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்றவர்களேதான் அதே மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றினார்கள். ஆனால் பெரிய செலவு கல்யாணம். அதை ஆவணிக்குத் தள்ளிவிட்டார்களே! பள்ளிக்கூடம் போகாத உன் தாத்தாவே இதைச் சொல்லுவார்.

அதற்கு அடி வாங்குவது நம் பட்டறைதான், அதையும் மறைக்கவில்லை. முகூர்த்தம் இல்லையென்றால் கொலுசு ஏது? கடைக்காரர்கள் ஆர்டர் போடுவதில்லை. பற்றவைக்கிற பையன் மதியமே எழுந்துவிடுகிறான். குகை மாரியம்மன் கோயில் வண்டி வேடிக்கையில், அதுதான் வேஷம் கட்டி வண்டியில் ஊர்வலம் போவார்களே, அதில் இந்த வருஷம் அவன் மகிஷாசுரன். கொம்புக்கும் சாயத்துக்கும் என்னிடம்தான் அட்வான்ஸ் வாங்கினான், வாரக்கூலியில் கழிக்கச் சொல்லி. உன் கணக்கில் அது தண்டம். பூக்காரருக்கும் பந்தல்காரருக்கும் ஆட்டு வியாபாரிக்கும் அதுதான் சீசன்.

நீ படித்த படிப்பை லீ பஜார் முழுக்கச் சொல்லித் திரிகிறவன் நான். அதற்காக, சாமிக்குக் கொடுப்பதெல்லாம் வீண் என்று உன் அம்மாவிடம் பேசியிருக்க வேண்டாம். அவள் அன்று சாப்பிடவில்லை.

ரமலானைப் பற்றியும் சொன்னாய். பகல் நீண்டு நோன்பு நேரம் கூடினால் முஸ்லிம் நாடுகளில் வளர்ச்சி குறைகிறது, ஆனால் மக்கள் மன நிறைவாக இருப்பதாகச் சொல்கிறார்கள் என்று. நிறைவை எதைக் கொண்டு அளந்தார்கள் என்றேன். நேராகக் கேட்டார்களாம், அவர்களும் சொன்னார்களாம். கேட்டால் சொல்லிவிடுகிறார்கள் போலிருக்கிறது.

மருமகள் போனுக்கு வந்து நாளாகிறது. வேலை இருக்கும். முன்பெல்லாம் நீ பேசும்போதே பின்னாலிருந்து "மாமா, அங்கே மழையா?" என்பாள். இங்கே நல்ல மழை என்று சொல். சமையல் யார் செய்கிறீர்கள்? வெளியில் வாங்கிச் சாப்பிட்டே உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

வெள்ளிக்கிழமை நோட்டை முடிக்கிறார்கள். பணத்தை நான் கட்டிக்கொள்கிறேன், அது ஒன்றுமில்லை. பேரை எப்படி எழுதுவது என்று மட்டும் நீயோ மருமகளோ அதற்குள் போன் செய்து சொல்லுங்கள். அவளே சொன்னாலும் சரி.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா
செவ்வாய்ப்பேட்டை, சேலம்