உன் பனியால் கட்டிய நூலகம்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பனுக்கு,

மூட்டுவலிக்கு நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னால் நீ கேட்கமாட்டாய். அதை விடுகிறேன்.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ பிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் போட்டிருக்கும் படங்களைக் கேட்காமலே எடுத்து விளையாடிவிட்டேன். கோபிக்காதே. பெயரைக் குறிப்பிட்டால் மாற்றியும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை நீயேதான் கொடுத்திருக்கிறாய். மாற்றக் கூடாது என்று குறித்திருந்த சில படங்களை நான் தொடவில்லை.

பழக்கிவிட்டவன் பேரன். பிக் ஹியூஜ் லாப்ஸ் என்ற தளத்தில் எந்தப் படத்தையும் சஞ்சிகை அட்டையாக்கலாம். எங்கள் கிடாய் இப்போது ஒரு சஞ்சிகையின் அட்டையில் நிற்கிறது, உள்ளூர் அரசியல்வாதிகளைவிடக் கம்பீரமாக. அந்த விளையாட்டு இரண்டு நாளில் அலுத்துவிட்டது.

அலுக்காதது மொசைக். ஒரு பெரிய படத்தைக் கொடுத்தால் மென்பொருள் அதைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு சதுரத்தின் சராசரி நிறத்தையும் கணக்கிட்டு, அதற்குக் கிட்டிய நிறமுள்ள படமொன்றை அங்கே ஒட்டுகிறது. படத்தில் இருப்பது ஆளா, ஆடா என்று அதற்குத் தெரியாது. நிறம் மட்டுமே கணக்கு. நான் நம் பொதுநூலகத்தை முன்னால் நின்று எடுத்த படத்தைக் கொடுத்தேன். ஒட்டுவதற்கு உன் தொகுப்பில் மாற்றலாம் என்று விட்ட படங்கள் முழுவதும்.

வெள்ளைச் சுவர் எல்லாம் உன் கனடாப் பனி! கூரைவரை மூடிப்போன உன் கார், நீ வழித்துக் குவித்த மேடு, இலையில்லாத அந்த ஒற்றை மரம். வானத்துக்கு ஒன்ராறியோ ஏரி வந்திருக்கிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கி உன்னைத் தேடினேன். கறுப்பு மேலங்கியோடு நீ ஒரு சன்னலின் இருட்டாக இருக்கிறாய்.

1981 ஜூனில், நூலகம் எரிக்கப்பட்ட பிறகு, நாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் அதே இடத்தில் நின்றது நினைவுக்கு வந்தது. சுமார் 97,000 புத்தகங்கள் எரிந்தன என்று பிறகுதான் சொன்னார்கள். அன்று நாம் கண்டது கரியும் சாம்பலும். அந்தச் சுவரை இந்த மென்பொருளிடம் கொடுத்தால் உன் தொகுப்பு போதாது. உன்னிடம் அவ்வளவு கறுப்பு இல்லை.

இன்னொரு கருவி, எழுத்துகளின் படங்களைக் கோத்துச் சொல்லாக்குகிறது. ஆங்கிலத்துக்கு 26 படம் இருந்தால் போதும். நமக்கோ 247. விடுவேனா? பின்னேரங்களில் சந்தி சந்தியாக நின்று கடைப் பலகைகளைப் படம் எடுக்கிறேன். 'ழ்' பஸ் பலகையில் அகப்பட்டது. 'ங்' தங்கநகைக் கடைகளில் மலிவு. 'ஔ' மட்டும் எங்கும் இல்லை. சித்த மருந்துக் கடையொன்றில் ஔடதம் என்று எழுதியிருக்கும் என்று நம்பிப் போனேன். மருந்தகம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்காபரோவில் தமிழ்ப் பலகைகள் நிறைய என்று எழுதியிருந்தாயே. ஒரு 'ஔ' அகப்பட்டால் அனுப்பு. நேராக நின்று எடு. உன் படங்கள் எப்போதும் இடப்பக்கம் சரிந்திருக்கின்றன. நூலகமே சற்றுச் சாய்ந்தது போலத் தெரிகிறது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்