மயிலுக்குப் போர்வை கொடுத்தவன்

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். தாண்டிக்குடியில் எல்லாரும் நலம். காபிப் பழம் பறிப்பு நடக்கிறது, அம்மாவுக்கு ஆள் தேடவே நேரம் சரியாக இருக்கிறது.

போனில் கேட்டாயே, "இறகு இருக்கிற மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனெல்லாம் ஒரு வள்ளலா?" என்று. பழனிப் பக்கம் ஆண்ட நம்ம ஊர் ஆளை இப்படிச் சொல்லிவிட்டாயே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அது கிடக்கட்டும். இந்தக் கேள்வி அந்தக் காலத்திலேயே அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தேதான் கொடுத்தான் என்கிறார் புலவர் பரணர், புறநானூறு 141ஆம் பாட்டில். மறுமையில் பலன் வரும் என்று கொடுப்பவனும் இல்லையாம். பிறர் வறுமையைப் பார்த்துக் கொடுப்பவனாம்.

அதே மயில் 145இல் வேறு வேலைக்கு வருகிறது. பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவள் வேறு) தவிக்க விட்டிருந்த நேரம். பரணர் அவனிடம் போகிறார். மயில் குளிரில் நடுங்குமே என்று போர்வை கொடுத்தவனே, நான் பசித்து வரவில்லை, எனக்குக் குடும்பச் சுமையும் இல்லை. இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரத்தைத் தீர், அதுதான் நான் கேட்கும் பரிசில் என்கிறார். பரிசில் வாங்கிப் பிழைக்கிற மனிதர், பாப்பா! புகழ்ந்த வாயாலேயே அவனை மடக்குகிறார். மயிலுக்கு இரங்கியவன் மனைவிக்கு இரங்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்ற புலவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

அதற்காக, நம்மைப் போலவே யோசித்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. இன்றைக்கு விருது வாங்கப் போகிறவர் அமைச்சரின் குடும்ப விவகாரத்தை மேடையில் பேசுவாரா? அவர்களுக்கு அது புலவன் செய்ய வேண்டிய வேலை.

ஆனால் சிலதில் நம்மைப் போலத்தான். 143இல் கபிலர் காட்டும் மலைக் குறவர்கள் மழைக்காகப் பலி தூவுகிறார்கள். அளவுக்கு மீறிப் பெய்ததும், மேகம் மேலே போகட்டும் என்று அதே கடவுளிடம் கேட்கிறார்கள். மூடநம்பிக்கை என்பாய். மார்ச்சில் காபி பூக்க வைக்கும் பூ மழைக்கு ஏங்குகிற உன் அம்மா, களத்தில் காபி காயும்போது தூறல் விழுந்தால் என்ன பேச்சுப் பேசுகிறாள் என்று உனக்கே தெரியும்.

141 முதல் 147 வரை ஏழு பாட்டையும் சேர்த்துப் படி. உரை இல்லாமல் கஷ்டம், அதனால் என் புத்தகத்தையே பார்சலில் அனுப்புகிறேன். மிளகும் கொஞ்சம் வைக்கிறேன். ரூம் மாறியிருந்தால் புது விலாசம் சொல்.

அப்பா