மார்க் போடாத படம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. தம்பி ஒழுங்காக வேலைக்குப் போய் வருகிறான். போனில் சொல்லிவிட்டுப் போகலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். 34 வருடம் தபாலாபீஸில் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன், பெற்ற பெண்ணுக்கு எழுதியது கல்லூரி விடுதிக்குப் போட்ட நான்கைந்து இன்லேண்ட் லெட்டர்தான். 2025-இல் ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் இது ஸ்பீடு போஸ்டில் வரும். நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொல்லாதே.

இரவுக் காட்சிக்குத் தனியாக வண்டி எடுத்துக்கொண்டு போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். அது வேண்டாம். பூனாவில் பயமில்லை என்பாய். பயம் ஊரைப் பொறுத்ததில்லை, நேரத்தைப் பொறுத்தது. மாலைக் காட்சிக்குப் போ. போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. டீயையும் ரஸ்க்கையும் ராத்திரிச் சாப்பாடு என்று கணக்கு வைக்காதே.

நீ வாங்கிக் கொடுத்த டிவியில் ஞாயிறுதோறும் ஒரு படம் பார்க்கிறோம். மார்க் நோட்டில் எழுதியும் வைக்கிறேன். விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 கொடுத்தது, அதற்கு மேல் நம் வீட்டில் எந்தப் படத்துக்கும் கிடையாது என்று ஆறாம் வகுப்பில் நீ போட்ட சட்டம் முதல் பக்கத்தில் பச்சை மையில் அப்படியே இருக்கிறது. அப்பா, கயல் என்று நீ ஸ்கேல் வைத்துப் போட்ட இரண்டு கட்டங்களில் சமீபமாக என் கட்டம் மட்டுமே நிரம்பி வருகிறது. படத்தைப் பற்றி நான் அனுப்பும் செய்திக்கு இரண்டு மாதமாக ‘ம்’ என்று ஒரே எழுத்துத்தான் பதில் வருகிறது. வேலை அதிகம் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம்.

‘லப்பர் பந்து’ படத்துக்கு 58 போட்டிருக்கிறேன். கிரிக்கெட் படம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆரம்பத்திலேயே கெத்துவின் பெண்டாட்டி யசோதை டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து ஆடுகளத்தை உழுதுவிட்டுப் போகிறாள் பார், அந்த இடத்தில் அம்மா கை தட்டினாள். புருஷன் வேலையை விட்டுவிட்டு ஆடப் போனால் வேறென்ன செய்வாள் என்கிறாள். கெத்துவாக வரும் தினேஷ் மட்டை பிடிக்க வரும்போது விஜயகாந்த் பாட்டுப் போடுகிறார்களே, மதுரைக்காரன் ஒருவனுக்கு அதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஆனால் மனதில் நின்றது வேறு. அன்பு என்கிற இளம் ஆட்டக்காரன் சொன்ன ஒரு வார்த்தை கெத்துவின் காதில் விழுகிறது. அதிலிருந்து வீம்பு. தன் பெண் விரும்புவது அவனைத்தான் என்று தெரிந்த பிறகும் அது இறங்க மாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் கெத்துவே சாதி தாண்டிக் கல்யாணம் செய்தவன். பெண்ணைப் பெற்றவனுக்குள் அந்த வீம்பு எப்படிக் குந்தியிருக்கும் என்பதை அந்த மனிதர் நன்றாகக் காட்டியிருக்கிறார்.

‘டிமான்ட்டி காலனி’ இரண்டாம் பாகமும் பார்த்தோம். 2015-இல் முதல் பாகத்தை நாம் பார்த்த அன்று தம்பி விளக்கை அணைக்கவிடாமல் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? இந்த முறை அம்மா பாதியில் எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குப் பயம் வரவில்லை. 42.

‘மகாராஜா’ விஷயத்தில் உன்னிடம் நான் தோற்றுவிட்டேன். சலூன் கடைக்காரர் குப்பைத்தொட்டியைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார், அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்திருக்கிறார், இதிலேயே நான் மயங்கிவிட்டேன். காலத்தை முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டு நித்திலன் கதை சொன்ன விதத்துக்கு அன்றைக்கே 60 போட்டேன். நீ 40 கொடுத்தாய். ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமையை ஒளித்து வைத்து, கடைசியில் எடுத்துக் காட்டும் திருப்பமாக ஆக்கலாமா அப்பா என்று கேட்டாய். உனக்கு எல்லாவற்றிலும் குறை என்று நான் சத்தம் போட்டேன். போன மாதம் மறுபடி பார்த்தேன். நீ சொன்னது சரி. அந்தப் பெண் தன்னை இப்படி ஆக்கியவனை நேரில் பார்க்க வேண்டும் என்று தானாகக் கேட்டுப் போய் நிற்கிறாளே, அந்த ஒரு காட்சியில்தான் படம் அவள் பக்கம் வருகிறது. அதுவரைக்கும் எல்லாம் அப்பனின் ஆவேசம். 60-ஐ அடித்து 48 ஆக்கி, பக்கத்தில் தேதியும் போட்டிருக்கிறேன். நீ எங்கே படித்து இதெல்லாம் கற்றுக்கொண்டாய் என்று தெரியவில்லை. நான் நாற்பது வருடமாகப் படம் பார்க்கிறவன், எனக்குத் தோன்றவில்லை. தபாலாபீஸ் நண்பர்களிடம் என் பெண் சொன்னது என்று சொல்லித்தான் இதைச் சொன்னேன்.

‘மெய்யழகன்’ நீளம் என்றார்கள், ரிலீஸுக்குப் பிறகு 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். எனக்கு அந்த நீளம் உறுத்தவில்லை. வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போன அருள், 22 வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறான். மேடையில் அந்தப் பெண் பரிசை அங்கேயே பிரித்து, அண்ணன் கையாலேயே போட்டுவிடச் சொல்கிறாள். அந்த இடத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உனக்கு முதல் கொலுசு போட்டபோது திருகாணி சரியாக மாட்டாமல் நான் பல்லால் கடித்து முடுக்கியது ஞாபகம் வந்தது. ஆனால் அருள் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. ராத்திரி முழுக்கச் சோறு போட்டு, கதை பேசி, பாசமாய் வைத்திருந்தவனின் பெயர் கடைசி வரை ஞாபகம் வரவில்லை. கேட்க வெட்கம். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விடுகிறான். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, ‘ஆமாம், கேட்டிருந்தால் முடிந்திருக்கும்’ என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

‘வாழை’ பற்றி அதிகம் எழுத முடியவில்லை. சாவு விழுந்த வீட்டில் பசி தாங்காமல் சோற்றைப் போட்டுத் தின்கிற அந்தப் பையனை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. 60.

அது வந்த அதே நாளில், 2024 ஆகஸ்ட் 23-இல், ‘கொட்டுக்காளி’யும் வந்தது.

இரண்டு மாதம் முன்பு, பிள்ளையார் சதுர்த்தி கழிந்த வாரம், ‘கொட்டுக்காளி பார்த்தீர்களா அப்பா?’ என்று கேட்டிருந்தாய். ‘இன்னும் பார்க்கவில்லை, பார்க்கிறேன்’ என்று பதில் அனுப்பினேன். அது பொய். அதற்கு முந்தின ஞாயிறே பாதி பார்த்துவிட்டு அணைத்துவிட்டேன். பாட்டு ஒன்று எங்கோ ஒலிக்க, மீனாவின் உதடு லேசாக முணுமுணுக்கிறது. அதற்கு அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பாண்டி அவளைப் போட்டு அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். ரிமோட்டைத் தேடி அணைத்தேன். கரண்ட் போய்விட்டதா என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள். ஆமாம் என்றேன். உள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நீ எதற்கு அதைக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும் பாப்பா. நான் பொய் சொன்னதும் உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தானே அந்த ‘ம்’?

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி அம்மா தூங்கின பிறகு தனியாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். பின்னணி இசையே இல்லை. ஆட்டோ சத்தம், காற்று, கட்டி வைத்த சேவல் கழுத்தை அசைக்கிற சத்தம், ஆண்கள் பேசுகிற பேச்சு, இவ்வளவுதான். ஒரு ஆட்டோவில் பெண்ணை உட்கார வைத்து, குடும்பமே சேர்ந்து பேய் ஓட்டக் கூட்டிப் போகிறது. அவள் வேறு சாதிப் பையனை விரும்பிவிட்டாள், அதுதான் பேய். பாண்டிக்குத் தொண்டை கட்டிப்போய்க் கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறான். பேசவே முடியாத அந்தக் கம்மின குரலிலும் அதட்டல் மட்டும் குறையவில்லை. நடுவழியில் ஒரு மாடு மறித்து நிற்கிறது. அத்தனை ஆண்கள் இருந்தும் ஒருவருக்கும் நகர்த்த முடியவில்லை. ஒரு சின்னப் பெண் வந்து கூப்பிட்டுக்கொண்டு போகிறாள்.

இதை எடுத்த வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ படத்தை 2023 தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது சேர்ந்து பார்த்தோம். ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய படம் என்று நீதான் போட்டுக் காட்டினாய். பள்ளிக்கூடத்திலிருந்து பையனை இழுத்துக்கொண்டு போகிற அந்தக் கணபதியைப் பார்த்து, இப்படியும் ஒரு தகப்பன் இருப்பானா என்று நான் சத்தமாகச் சொன்னேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையை அன்றைக்கு நான் வேண்டுமென்றே தாண்டிப் போனேன்.

வேனைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசியதில்லை. அதைப் பெரியப்பா சொன்னார், அத்தை அழுதாள், அதனால் போனோம் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். வேனுக்கு 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தது நான். விடிகாலை நான்கரைக்கு உன்னை எழுப்பச் சொல்லி அம்மாவை அனுப்பியது நான். எங்கே போகிறோம் என்று நீ ஒரு தரம்தான் கேட்டாய். குலதெய்வம் கோவிலுக்கு என்று சொன்னேன். வேன் அந்த வழியில் திரும்பாமல் நேராகப் போனபோது உனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ பேசவில்லை. ஜன்னல் கண்ணாடியின் ரப்பர் விளிம்பில் பழைய சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாய். வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். எல்லோருக்கும் டீ சொன்னேன். உனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. ஏழு டீ சொன்னேன், வேனில் எட்டுப் பேர். இந்தக் கணக்கு மூன்று வருடமாக என்னை விடவில்லை.

அந்த இடத்தில் வேப்பிலையால் உன்னை அடித்தார்கள். நீ எழுந்துவிடாமல் உன் தோளை அழுத்திப் பிடித்திருந்தது என் கை. யாருடைய கை என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம், கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

படத்தின் கடைசியில் பாண்டி அந்தச் சாமியாடியின் இடத்தில் நிற்கிறான். வேறொரு பெண்ணுக்கு நடப்பதைப் பார்க்கிறான். அவள் உடம்பில் அந்த ஆளின் கை போகிற விதத்தைப் பார்த்து அவன் முகம் மாறுகிறது. அடுத்தது மீனாவின் முறை. அவன் என்ன செய்தான் என்று காட்டாமல் முடித்துவிட்டார்கள். நிறையப் பேர் இப்படி முடிக்கலாமா என்று கோபப்பட்டார்களாம். அவனுக்காவது யோசிக்க ஒரு கணம் கொடுத்தார்கள். எனக்கும் அந்தக் கணம் கிடைத்தது. உனக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், பத்தொன்பது இருபது வயது இருக்கும், தலைமுடி மண்ணில் புரண்டது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கலாம். வேன் வாசலில்தான் நின்றது.

நீ பூனாவுக்குக் கிளம்பினபோது படிப்பு கொடுத்த திமிர் என்று சொன்னேன். அதுவும் தப்பு. நீ உன் சம்பாத்தியத்தில் நின்றாய், தம்பியின் கடைசி வருடப் பீஸைக் கட்டினாய், இந்த டிவியை வாங்கிக் கொடுத்தாய். என்னோடு பேச மனமில்லாத நாட்களிலும் படத்தைப் பற்றியாவது பேசிக்கொண்டுதான் இருந்தாய். அதையும் நான் பொய் சொல்லிக் கெடுத்துவிட்டேன். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, அப்பா சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்காமல் வைக்கிறாயே, அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

நீ விரும்பிய அந்தத் தம்பியைப் பற்றி நான் அம்மாவிடம் துருவிக் கேட்க மாட்டேன். அவர் எங்கே இருக்கிறார், உனக்கு இன்னும் பேச்சு இருக்கிறதா, வேறு யாரும் உண்டா, யாருமே வேண்டாம் என்று இருக்கிறாயா, எதுவும் எனக்குத் தெரியாது. நீயாகச் சொல்லும் நாளில் உட்கார்ந்து கேட்பேன். பெரியப்பாவை வைத்துக்கொண்டு பேச மாட்டேன். பொங்கலுக்கு வந்தால் யாரோடு வந்தாலும் வீட்டுக்கு வா. வர மனமில்லை என்றால் நானும் அம்மாவும் அங்கே வருகிறோம். நீ கூப்பிட்டால்தான் வருவோம்.

கொட்டுக்காளிக்கு நோட்டில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறேன். என் கட்டத்தில் மார்க் போடக் கை வரவில்லை. நீ போடுவதானால் எண்ணை மட்டும் அனுப்பு, எழுதிக்கொள்கிறேன். அனுப்பாவிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். ஊறுகாய்க்கு ஈரக் கரண்டி போடாதே. ராத்திரிக் காட்சி வேண்டாம்.

அன்புடன்,
அப்பா