குழாயைத் திருப்பிப் போடச் சொல்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்டாரியோ குளிருக்கு விறகு அடுப்பு நல்ல ஏற்பாடுதான். மாப்பிள்ளையும் ஆசை ஆசையாகச் செய்திருக்கிறார். ஆனால் புகைக்குழாய் தலைகீழாக நிற்கிறது.

ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனை கொசுவம் வைத்த மாதிரி சுருக்கமாக இருக்குமே, அது கீழே அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். புகை மேலேதானே போகிறது, சுருக்குமுனையும் மேலே இருக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் புகை குளிர்ந்தால் குழாயின் உட்பக்கம் தார் மாதிரி படிந்து கீழே வழியும். கிரியோசோட் என்பார்கள். சுருக்குமுனை கீழே இருந்தால் அது உள்ளேயே இறங்கி அடுப்பில் எரிந்துவிடும். மாற்றிப் போட்டால் இணைப்பு வழியாக வெளியே கசியும். லடாக்கில், லே-யில் எங்கள் படைவீரர் பாரக்கில் இருந்த புகாரி என்ற குளிர்காயும் அடுப்புக்கு நானே இப்படித் தலைகீழாக மாட்டிவிட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க அந்த நாற்றத்தில் படுத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரன் லீவில் போகும்வரை திட்டினான்.

அப்புறம், ஒவ்வொரு இணைப்புக்கும் மூன்று ஸ்க்ரூ வேண்டும். படத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் தீப்பிடிக்கிற எதற்கும் நடுவே 18 அங்குலம், நம் கணக்கில் ஒரு முழம், இடைவெளி வேண்டும். உன் ஜன்னல் திரை ஒரு சாண் தூரத்தில் தொங்குகிறது. அதை இன்றைக்கே கழற்று. கூரைக்குள் அந்தக் குழாய் நுழையவே கூடாது. அங்கிருந்து மேலே காப்பு வைத்த இரட்டைச் சுவர்ப் புகைபோக்கிதான். கூரைக்கு மேல் குறைந்தது 3 அடி நிற்க வேண்டும், பத்தடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயரம்.

அங்கே வெட் (WETT) என்று விறகு அடுப்பு வேலைக்கான சான்றிதழ் வாங்கியவர்கள் வந்து சோதித்து அறிக்கை தருவார்கள். இன்சூரன்ஸ்காரர்களும் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். சோதிக்க வருபவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரு குச்சிகூடப் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா? வாசனையே இல்லாத விஷவாயு அது, பிள்ளை தூங்கும் அறைக்குப் பக்கத்திலும் ஒன்று மாட்டு.

நான் சொன்னதாக மாப்பிள்ளையிடம் சொல்லாதே, சங்கடப்படுவார். நீயே எங்கோ படித்த மாதிரி சொல். திருப்பிப் போட்டதும் இன்னொரு படம் அனுப்பு. இந்தத் தடவை இணைப்பைக் கிட்டத்தில் எடு.

அன்புடன்,
அப்பா