தே அனாவில் நாலு ராத்திரியாவது தங்குங்கள்

தே அனாவ், நியூசிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சவுகரியம். அம்மாவின் முட்டுவலி குறைந்திருக்கிறதா? டிசம்பரில் வருகிறீர்கள் என்று மதினி போனில் சொன்னதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆனால் ஏஜெண்ட் போட்டிருக்கும் திட்டம் எனக்குச் சம்மதமில்லை. என் வீட்டில் ஒரு ராத்திரி, மறுநாள் மலைகளுக்குள் கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட், அன்றைக்கே குயின்ஸ்டவுன். "சின்ன ஊர்தானே, அங்கே தங்கி என்ன பார்க்க?" என்று நீங்கள் கேட்டீர்களாம். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இலஞ்சியில் நம் கடை வாசலில் நின்று எத்தனை வேன்களைப் பார்த்திருப்பீர்கள். குற்றாலம் மெயின் அருவியில் தலையை நனைத்துவிட்டு, பரோட்டா சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். குமாரர் கோயிலையும் தெரியாது, குளத்தங்கரையையும் தெரியாது. இங்கேயும் அதே கதைதான். குயின்ஸ்டவுனிலிருந்து இந்த ஊருக்கு 170 கிலோமீட்டர். இங்கிருந்து மில்ஃபோர்டுக்கு இன்னும் 120 கிலோமீட்டர், எல்லாம் மலைப்பாதை. ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டிய பஸ்கள் காலையில் இங்கே டீ குடிக்க நிற்கும். பாத்ரூம் போய்விட்டு, ஏரிக்கரையில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். நான் வேலை பார்க்கும் மோட்டலிலும் பெரும்பாலும் ஒரு ராத்திரிக்காரர்கள்தான்.

அந்த ஏரி 344 சதுர கிலோமீட்டர் அப்பா. தென் தீவில் இதைவிடப் பெரிய ஏரி கிடையாது. நம் கரைப் பக்கம் புல்வெளி, ஆட்டுப் பண்ணைகள். எதிர்க்கரையில் மலை, காடு, மூன்று கை நீட்டியது போல மலைக்குள் புகும் தண்ணீர். மழையின் கணக்கை நான் சொல்லாமலே நீங்கள் புரிந்துகொள்வீர்கள். மேற்கிலிருந்து வரும் மேகம் மலையில் மோதி மில்ஃபோர்டில் வருஷத்துக்குச் சுமார் 6,800 மில்லிமீட்டர் கொட்டிவிடுகிறது. கிழக்கே இருக்கும் எங்களுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட வருவதில்லை. கேரளாவில் பெய்தது போக மிச்சம் ஆரியங்காவு கணவாய் வழியாக நமக்குச் சாரலாக வருகிறதே, அந்த உறவுதான்.

இங்கே தங்கச் சொல்வதற்கு முதல் காரணமே மழைதான். மில்ஃபோர்டில் மழை பெய்தால் டூர்காரர்கள் முகம் வாடிப்போகிறது. உண்மையில் அப்போதுதான் பார்க்க வேண்டும். எப்போதும் விழும் பெரிய அருவிகள் இரண்டுதான். நல்ல மழை விழுந்தால் கடலிலிருந்து செங்குத்தாக எழும்பும் பாறை முழுவதும் நூற்றுக்கணக்கில் அருவி இறங்கும். மழை விட்டதும் கொஞ்ச நேரத்தில் வற்றிப்போகும். குற்றாலத்துச் சீசனுக்கு வானத்தைப் பார்த்துக் காத்திருந்து பழகிய உங்களுக்கு இது பிடிக்காமல் போகுமா? மழை அதிகமானால் பாதையை மூடிவிடுவதும் உண்டு. ஒரே நாள் வைத்திருப்பவர்களுக்கு அன்றோடு போச்சு. இங்கே நாலு நாள் இருந்தால், நான் பார்த்து நல்ல நாளில் கூட்டிப்போவேன். இரண்டு மணி நேரப் பயணம்தான்.

போகிற வழியில் ஹோமர் சுரங்கப்பாதை வரும். 1935-ல் கடப்பாரையும் மண்வெட்டியுமாகத் தொடங்கிய வேலை, வண்டிகள் போகத் திறந்தது 1954-ல். சுமார் 1.2 கிலோமீட்டர், சுவரில் பாறை அப்படியே தெரியும். அதன் வாசலில் கியா என்ற மலைக்கிளி வந்து கார் ரப்பரைக் கடித்துப் பிய்க்கும். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது.

மற்ற நாட்களில் ஓட்டமே வேண்டாம். ஏரிக்கரையோரம் நடந்தால் ஒரு பறவைக் காப்பகம் இருக்கிறது. அங்கே தாகாஹே இருக்கும். நம் வயல் குளங்களில் திரியும் நீலத்தாழைக்கோழிக்குச் சொந்தம்தான், ஆனால் இது பெரிது, பறக்காது. அழிந்தே போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்த பறவையை 1948-ல் ஜெஃப்ரி ஆர்பெல் என்ற டாக்டர் ஏரிக்கு அந்தப் பக்க மலையில் கண்டுபிடித்தார். இன்றைக்கும் நாடு முழுக்க ஐந்நூறு அளவில்தான் இருக்கின்றன. வேலை முடிந்து நான் அடிக்கடி போய் நிற்பேன். புல்லின் அடித்தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு நிதானமாகத் தின்னும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அதைப் பார்க்க நேரம் கிடையாது, எனக்கு அதுதான் வருத்தம்.

அப்புறம் சாயங்காலம். டிசம்பரில் ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். பஸ்களெல்லாம் போன பிறகு ஊர் எங்கள் ஊராகிவிடும். மலையேறி நடக்கும் கெப்ளர் பாதை 60 கிலோமீட்டர், அதெல்லாம் நமக்கு வேண்டாம். அதன் தொடக்கத்தில் ஏரியை ஒட்டிக் காட்டுக்குள் போகும் சமதளம் அம்மாவின் முட்டுக்கு ஒன்றும் செய்யாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம்.

இங்கே கொசுவைவிடச் சின்னதாக ஒரு ஈ உண்டு, கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். தடவ மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். வெயில் காலம் என்று நம்பி வராதீர்கள், ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் கொண்டுவாருங்கள், ஆனால் வருகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தில் சாப்பாட்டுச் சாமான் இருப்பதாகக் கட்டாயம் எழுதுங்கள், மறைத்தால் அபராதம். தேன், பழம், விதை எதுவும் வேண்டாம்.

ஏஜெண்டிடம் குயின்ஸ்டவுனை ஒரு ராத்திரியாகக் குறைக்கச் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அண்ணனை எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள் அப்பா.

அன்பு மகள்