உன் சிநேகிதன் வீட்டுக்கு நீ செய்ய வேண்டியது

அன்புள்ள ராசா,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதிலிருந்து அந்தப் பையன் முகமே கண்ணுக்குள் நிற்கிறது. அப்பா தலையில் அடிபட்டு ஐசியூவில், அம்மாவுக்குத் தொடை எலும்பு முறிவு, வீட்டில் பிளஸ் டூ படிக்கிற தங்கச்சி. பைக்கில் போனவர்களை இடித்த கார்க்காரன் நிற்கக்கூட முடியாத போதையில் இருந்தான் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள் என்றாய். "நான் என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டாயே, அதை எழுத்தில் வைத்தால்தான் உனக்கு உதவும். விபத்து வார்டு நர்ஸாக இருந்தவள் என்ற முறையில் தெரிந்ததை எழுதுகிறேன்.

"ஏதாவது வேணும்னா சொல்லுடா" என்று மட்டும் அவனிடம் சொல்லாதே. எது வேண்டும் என்று யோசிக்கிற நிலைமையில் அவன் இல்லை. வேலையை நீயே பெயர் சொல்லி எடுத்துக்கொள். "போலீஸ் ஸ்டேஷன் பேப்பர் எல்லாம் என் பொறுப்பு" என்று சொல், முடியும்வரை விடாதே. குடித்துவிட்டு ஓட்டியவன் விஷயத்தில் முதல் சில நாட்கள் கோட்டைவிட்டதைப் பிறகு எத்தனை வருஷம் அலைந்தாலும் திரும்ப வாங்க முடியாது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த உடனே கேஷுவாலிட்டி டாக்டர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதியிருப்பார். ஏ.ஆர். காப்பி என்பார்கள். என்ன வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு, யார் கூட்டி வந்தார்கள், எந்தெந்தக் காயம் என்று அதில் இருக்கும். பதற்றத்தில் கூட வந்தவர் யாராவது "பைக் ஸ்லிப் ஆகி விழுந்துட்டாங்க" என்று சொல்லியிருந்தால் அப்படியே பதிவாகிவிடும். இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் பிடித்துக்கொள்வது அந்த ஒரு வரியைத்தான். அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பார்க்கச் சொல். தப்பாக இருந்தால் டாக்டரிடம் போய் அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், அது வேறு வம்பாகும். நடந்ததை விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது இடித்தவனின் ரத்தம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் குற்றம். அந்தப் பிரிவில் கைதானால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு, 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 15 மில்லிகிராம் வீதம் ஆல்கஹாலைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஆறு மணி நேரம் கழித்து எடுத்தால் 90 காணாமல் போயிருக்கும், தள்ளாடியவன்கூட "குடிக்கவில்லை" என்று தப்பிக்கலாம். எடுக்கிற விதத்திலும் ஓட்டை விழும். ஸ்பிரிட் பஞ்சால் தோலைத் துடைத்துவிட்டு ரத்தம் எடுத்தால், "அந்த ஸ்பிரிட்தான் ரிசல்ட்டில் வந்தது" என்று எதிர்த்தரப்பு வாதாடும். சோடியம் ஃபுளோரைடு போட்ட குப்பியில் எடுத்து சீல் வைத்து அனுப்பாவிட்டால் குப்பிக்குள்ளேயே அளவு மாறும். இதையெல்லாம் நீ போய்ச் சரிபார்க்க முடியாது. ஆனால் மூன்று கேள்வி கேட்கலாம்: ரத்தம் எடுத்தார்களா, எத்தனை மணிக்கு, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா. இல்லை என்று பதில் வந்தால், அவன் எங்கே குடித்தான், அந்த பார் வாசல் கேமராவில் இருக்கிறானா, பணம் எப்படிக் கட்டினான் என்று விசாரிக்கக் கோரி மனு கொடுக்க வேண்டும். நாற்றத்தையும் தள்ளாட்டத்தையும் பார்த்தவர்கள் சாட்சி இன்னும் முக்கியமாகிவிடும்.

கேமரா பதிவு ரொம்ப நாள் நிற்காது. கடைகளில் வைத்திருக்கும் கருவிகள் பழையதன் மேலேயே புதியதைப் பதியும், பல இடங்களில் இரண்டு மூன்று வாரத்தில் அழிந்துவிடும். இந்தச் சனிக்கிழமை நீ போகும்போது விபத்து நடந்த இடத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிற பெட்ரோல் பங்க், டீக்கடை, டோல்கேட் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "இவற்றின் பதிவைக் கைப்பற்றக் கோருகிறோம்" என்று இன்ஸ்பெக்டருக்கு மனு எழுதி, இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள். வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. சண்டை போடாதே. அந்த ஸ்டேஷனோடு அவர்கள் இன்னும் பல மாதம் பேசியாக வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். அதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவும் (தாறுமாறாக ஓட்டியது), 125ஆம் பிரிவும் (காயப்படுத்தியது), அதோடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185உம் இருக்கிறதா என்று பார். 185 விட்டுப்போயிருந்தால் சேர்க்கக் கோரலாம். மகசர் (விபத்து இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுவது), வாகன ஆய்வாளர் அறிக்கை போன்ற மற்ற ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கட்டணம் கட்டி எடுக்கலாம். அவன் அப்பா போட்டிருந்த ஹெல்மெட் உடைந்திருந்தாலும் தூக்கி எறியவேண்டாம் என்று சொல்லு. "ஹெல்மெட் போடவில்லை, அவர் மேலும் தப்பு" என்று பிற்பாடு கிளப்புவார்கள்.

பணத்தைப் பற்றி அந்தப் பிள்ளை வாய் திறக்க மாட்டான், நீதான் விசாரிக்க வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. வருமானம், சொந்த ஊர் எதுவும் பார்ப்பதில்லை. அவர்கள் சேர்த்த இடம் பட்டியலில் இருந்தும் முன்பணம் வாங்கியிருந்தால், அங்கே இருக்கிற திட்ட ஒருங்கிணைப்பாளரைப் பார். 2025 மே மாதத்தில் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒருவருக்கு 1.5 லட்சம் வரை, 7 நாள் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு, விபத்தைப் போலீஸ் உறுதி செய்ய வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு.

பில்களுக்கு ஒரு ஃபைல் போடு. மருந்துக்கடை, ஸ்கேன், ஆட்டோ, டாக்சி, இரவு பார்த்துக்கொள்ள வைத்த ஆளின் சம்பளம் எல்லாம் வேண்டும். மருந்துக்கடை சீட்டுகள் வெப்பத்தாளில் அச்சாவதால் ஆறே மாதத்தில் வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் அடி. மெடிக்ளெய்ம் கம்பெனிக்கு ஒரிஜினல் போனால், அதற்கு முன் ஆஸ்பத்திரி முத்திரையோடு ஒரு நகல் வாங்கிவிடு.

இனி வரப்போவதுதான் கஷ்டமான கட்டம். கார்க்காரன் வீட்டார் பழத்தட்டோடு வருவார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட்டி வருவார்கள். "ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பாத்துக்கிறோம், பையன் எதிர்காலம்" என்று அழுவார்கள். அழுகை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் நீட்டுகிற முத்திரைத்தாளில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம், இனி எந்த உரிமையும் இல்லை" என்ற வரி இருந்தால் குடும்பம் வருஷக்கணக்கில் அனுபவிக்கும். வக்கீல் படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம், வெற்றுத்தாளில் வேண்டவே வேண்டாம். ஐசியூ வாசலிலேயே வக்காலத்து நாமாவை (வக்கீலை நியமிக்கும் படிவம்) நீட்டி "வர்றதுல இவ்வளவு பர்சென்ட்" என்று பேசுகிற ஆட்களும் வருவார்கள். கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதம். நல்ல வக்கீல் கிடைக்காவிட்டால் 15100க்குப் போன் போடு, தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் அது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, அவனுடைய அம்மா பெயரில் கேட்கலாம்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட்டுவிடுங்கள். போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும் 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அது போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள், ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். குடும்பம் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். ஓட்டியவன், கார் உரிமையாளர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரையும் சேர்க்க வேண்டும். "டிரைவர் குடித்திருந்தான், பாலிசி நிபந்தனை மீறல், நாங்கள் தர மாட்டோம்" என்று கம்பெனி சொல்லும். அதைக் கேட்டு மனசு விட்டுவிடுவார்கள், நீ முன்னாலேயே சொல்லி வை: பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கம்பெனி கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடுவது தீர்ப்பாயங்களில் வழக்கம்.

தொகை எப்படி வருகிறது என்று தெரிந்தால்தான் ஏமாற மாட்டார்கள். அவன் அப்பாவுக்கு 48 வயது, லேத் பட்டறையில் மாதம் 25,000 வருகிறது என்றாய். வருடத்துக்கு 3,00,000. சொந்தத் தொழில், 40க்கும் 50க்கும் இடையில் வயது என்பதால் வருங்கால உயர்வு 25 சதவீதம் சேர்த்தால் 3,75,000. அந்த வயதுக்குத் தீர்ப்பாயம் எடுக்கும் பெருக்கல் எண் 13. மொத்தம் 48,75,000. சம்பாதிக்கும் திறன் 40 சதவீதம் போயிற்று என்று தீர்ப்பாயம் ஏற்றால் 19,50,000. சிகிச்சைச் செலவும் வலிக்கான தொகையும் இதற்கு மேல். இங்கே கணக்குக்கு வருவது சம்பாதிக்கும் திறன். கையில் 20 சதவீத ஊனம் என்று மெடிக்கல் போர்டு சான்று கொடுத்தாலும், லேத் ஓட்டுகிறவருக்கு அந்தக் கைதான் பிழைப்பு என்று நிரூபித்தால் அளவு கூடும். அதனால் பட்டறையின் பேங்க் ஸ்டேட்மென்ட், வாடிக்கையாளர் பில் எல்லாவற்றையும் எடுத்து வை. அம்மா சம்பளத்துக்குப் போகவில்லை என்பதால் அவருடைய மனுவைச் சின்னதாகப் போட விடாதே, வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

ஆஸ்பத்திரிக்குள் நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு நோட்டு வாங்கி, டாக்டர் சொல்வதைத் தேதி போட்டு எழுது. தலைக்காயத்துக்கு ஜி.சி.எஸ். என்று ஒரு எண் சொல்வார்கள். குறைந்தது 3, முழு நினைவு 15. தினமும் அதைக் கேட்டுக் குறித்தால் போகிற திசை தெரியும், உறவினர்களின் வதந்தி குறையும். உறவினர் போன்களுக்குப் பதில் சொல்ல ஒரே ஆளை வை. இரவில் அவனே உட்காராமல் முறை மாற்று. இரண்டு ராத்திரி தூங்காதவன் அறுவை சிகிச்சைச் சம்மதப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவான்.

அம்மாவுக்கு அறுவை முடிந்து படுத்திருக்கும்போது கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிடச் சொல், ரத்தக்கட்டாக இருக்கலாம். அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இடுப்புக்குக் கீழ் தோல் சிவந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். மூக்குக்குழாயில் உணவு கொடுத்தால் தலைப்பக்கத்தை உயர்த்திக் கொடுத்து, பிறகு அரைமணி நேரமாவது இறக்காமல் இருக்க வேண்டும். நினைவு திரும்பியதும் அவர் எரிந்து விழலாம், பெண்டாட்டி பிள்ளையையே திட்டலாம். மூளையில் பட்ட அடி செய்கிற வேலை அது. "என்னைத் தெரியுதா, அன்னைக்கு நடந்தது ஞாபகம் இருக்கா" என்று ஆளாளுக்குப் பரீட்சை வைக்க வேண்டாம்.

தங்கச்சியிடம் உண்மையைச் சொல்லச் சொல். "அப்பாவுக்கு ஒண்ணுமில்லை" என்று மறைத்தால், வாட்ஸ்அப்பில் விபத்துப் படத்தை அவளே பார்த்துவிடுவாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியரிடம் பேசி விடுப்புக் கடிதம் கொடுங்கள், மாலையில் அவள் தனியாக வீட்டில் இல்லாதபடி யாராவது இருக்கட்டும். தூக்கம் வராமல் போனால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. உன் சிநேகிதனுக்கும் அந்த எண்ணைக் கொடு. ராத்திரி நேரத்தில் ஏன் அந்த ரோட்டில் போனார்கள், விதி, நல்லவேளை உயிர் இருக்கே, இந்தப் பேச்சு எதுவும் உன் வாயிலிருந்து வரக்கூடாது.

முதல் பத்து நாள் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இரண்டாம் மாதத்தில்தான் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்காது, பட்டறை வாடகை நிற்கும். உன் லீவை இப்போதே கரைத்துவிடாமல் அந்த மாதத்துக்குக் கொஞ்சம் வை.

சனிக்கிழமை கிளம்பும்போது ஃபைல், நோட்டு, மனு எழுத நாலைந்து வெள்ளைத்தாள், அவன் ஆதார், ரேஷன் கார்டு நகல் எல்லாம் பையில் இருக்கட்டும். அங்கே போனதும் ஏ.ஆர். காப்பியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு, எத்தனை மணியானாலும்.

அன்புடன்,
அம்மா